அவர் முழம், என் முழம்

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், அதன்பிறகு எங்கள் வீட்டில் ரேழிதான் எல்லாம். வாசல் கதவைத் திறந்து வைத்தால் தெருக்காற்றும் முற்றத்துக் காற்றும் அங்கேதான் வந்து சேரும். ஒரு பழைய கோரைப்பாய். அதன்மேல் பச்சை ஒயர் ஒரு கட்டு, மஞ்சள் ஒயர் ஒரு கட்டு, கத்தரிக்கோல், ஒரு சொம்புத் தண்ணீர். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி, அதனால் மணைப்பலகை போட்டு உட்காருவார். திருச்சி வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும். நாலரை மணிக்குப் பால்காரர் மணியடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டோம்.

தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எதிர் வீட்டு அக்கா மட்டும் உள்ளே வந்து உட்காருவார். "என்ன, புருஷனும் பொண்டாட்டியும் மும்முரமா இருக்கீங்க?" என்பார். கூடையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். "இதை எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் வீட்டுக்காரர் எப்படி இந்தப் பாய்க்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணம். அவர் 1988-இல் அரசுப் பேருந்துக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் பெயர் சோழன் போக்குவரத்துக் கழகம். 1997-இல் பெயர் மாறிய பிறகும் எங்கள் வீட்டில் 'சோழன்' என்றுதான் பேச்சு. பணிமனையில் மெக்கானிக். 34 வருஷம். காலை ஷிப்டு, மதிய ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மாறி மாறி ஓடியதில், நான் விழித்திருக்கும்போது அவர் தூங்குவார், அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். பெண்ணைப் படிக்க வைத்தோம், கல்யாணம் செய்து கொடுத்தோம், அவருடைய அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டோம். எல்லாம் சேர்ந்து செய்ததுதான். ஆனால் ஒரு மதியம் முழுக்க ஒரே இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த ஞாபகம் எனக்கு இல்லை.

2022-இல் ஓய்வு பெற்றார். முதல் பத்து நாள் நன்றாகத் தூங்கினார். அப்புறம் மதியத்தில் தூக்கம் வரவில்லை. வாசலுக்குப் போவார், கொல்லைக்குப் போவார், திரும்பி வந்து சமையலறை வாசற்படியில் நிற்பார். "என்னங்க வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார். அந்த "ஒண்ணுமில்ல" என் வயிற்றைப் பிசையும். கை சும்மா இருக்கத் தெரியாத மனிதர். காலையில் எழுந்ததும் ஸ்பானரைப் பிடித்த கை. அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. என்ன வேலை என்றுதான் தெரியவில்லை.

நான் அப்போது என் பெண்ணுக்காக ஒரு கூடை பின்னிக்கொண்டிருந்தேன். ஒயர் கூடை எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்தது. அம்மாவுக்கு அக்கம்பக்கத்தில் சொல்லிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒயர் கட்டு இல்லாத வீடே கிடையாது. மார்க்கெட்டுக்குப் போகிற கூடை, கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டு வைக்கிற கூடை, பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடை எல்லாம் வீட்டில் பின்னியதுதான். அப்புறம் கடைக்காரர்களே பாலிதீன் பையில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கூடையெல்லாம் பரணுக்குப் போய்விட்டது.

ஒருநாள் மதியம் அவர் நின்றபடியே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அப்புறம், "பசை இல்ல, ஆணி இல்ல, அது எப்படிம்மா நகராம நிக்குது?" என்று கேட்டார். மெக்கானிக் கேட்கிற கேள்வி. நான் ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். ஒரு ஒயரை மடித்து ஒரு காது மாதிரி செய்து, இன்னொன்றை அதன் குறுக்கே மடித்துக் கோத்து, முனைகளை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். நாலு முனையும் நாலு திசைக்கு இழுபடும்போது நடுவில் சதுரமாக முடிச்சு உட்காரும். ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். ஒரு முனை தளர்ந்தாலும் இன்னொன்று பிடித்திருக்கும். அவர் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பால்காரர் மணியடித்தது இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.

அதுதான் சாதா முடிச்சு. அதில் கை பழகின பிறகு நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று போகலாம். நெல்லிக்காய் புடைத்துக்கொண்டு பார்க்க அழகாக இருக்கும், ஒயர் நிறையச் சாப்பிடும். சிவன் கண்ணுக்கு நிறக்கணக்கு முக்கியம். ஒரு வரிசையில் ஒன்று தப்பினால் கண் கோணிவிடும். ஆனால் சாதா முடிச்சுக் கூடைதான் எனக்குப் பிடித்தது. கனத்தைத் தாங்கும், கழுவினால் சீக்கிரம் காயும்.

எங்கள் நடுத்தரக் கூடையின் கணக்கு இது. அடிப்பாகம் நீளத்தில் 21 முடிச்சு, அகலத்தில் 9 முடிச்சு. ஆகக் குறுக்கு ஒயர் 21, நெடுக்கு ஒயர் 9. குறுக்குக்கு ஐந்தரை முழம், நெடுக்குக்கு இன்னும் அரை முழம் கூட. அடிப்பாகம் முடிந்ததும் நாலு பக்கமும் 60 முனை தொங்கும். அங்கிருந்து மடக்கி மேலே ஏற வேண்டும். கட்டிலிருந்து வெட்டாமல் வருகிற நீள ஒயர் ஒன்று சுற்றிக்கொண்டே வரும். தொங்கும் ஒவ்வொரு முனையும் அதோடு சேர்ந்து ஒரு முடிச்சு. ஒரு சுற்றுக்கு 60 முடிச்சு, 18 சுற்று. சுற்று மட்டும் 1,080 முடிச்சு. ஒரு கூடைக்கு ஐந்தாறு மதியம் ஆகும்.

முதல் கூடையிலேயே ஒரு தப்பு நடந்தது. பாதி ஒயரை நான் அளந்து வெட்டினேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறதே என்று எழுந்து போனேன். மீதியை அவர் வெட்டினார். ஐந்தரை முழம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், அவரும் ஐந்தரை முழம்தான் வெட்டினார். ஆனால் அவர் முழம் வேறு, என் முழம் வேறு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அவர் கை என் கையைவிட இரண்டு விரல் நீளம். ஐந்தரை முழத்தில் அது பதினோரு விரல். பதினைந்து ஒயரில் எவ்வளவு வீணாகியிருக்கும் பாருங்கள். வெட்டும்போது தெரியவில்லை, பின்னும்போதும் தெரியவில்லை. கடைசிச் சுற்றுக்கு வந்தபோது கட்டில் ஒயர் தீர்ந்துபோய்விட்டது.

பெரிய கடைத் தெருவுக்குப் போய் அதே பச்சையில் இன்னொரு கட்டு வாங்கி வந்தார். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்ததாம். வீட்டில் வைத்துப் பார்த்தால் பழையது இலைப்பச்சை, புதியது கிளிப்பச்சை. அவர் முகம் வாடிவிட்டது. "பிரிச்சுட்டுத் திரும்பப் போட்டுடலாமா?" என்றார். நான் அதே கிளிப்பச்சையில் கடைசிச் சுற்றை முடித்தேன். அந்தக் கூடை இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது. பெண்ணுக்கு வேறு பின்னிக் கொடுத்தோம். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்கு நாங்கள் எடுத்துப் போவது அந்தக் கிளிப்பச்சை வாய் வைத்த கூடையைத்தான்.

இரண்டாவது கூடையில் முழத்தைச் சரி செய்தோம், முழுக்க நானே அளந்தேன். ஆனால் வேறொன்று வந்து சேர்ந்தது. சுற்று ஒயர் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பின்ன முடியும். நான் நாலு சுற்று போட்டுவிட்டு எழுந்தால் அவர் இரண்டு சுற்று போடுவார். எட்டாவது சுற்றில் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருந்தது. அவர் போட்ட இடமெல்லாம் உள்வாங்கியிருந்தது. போல்ட் முறுக்குகிற கை அது. முடிச்சு விழுந்த பிறகும் இன்னொரு இழுப்பு இழுக்கும். என் இழுப்பு, முடிச்சு உட்கார்ந்ததும் விட்டுவிடும்.

"உன் அளவுக்கு இழுக்கிறேன்" என்று அவர் ரொம்ப முயற்சி செய்தார். பாவம், ஒவ்வொரு முடிச்சுக்கும் நிறுத்தி யோசித்தார். முடிச்சு தொளதொள என்று வந்தது. நானும் அவர் அளவுக்கு இழுத்துப் பார்த்தேன், ஆள்காட்டி விரலில் ஒயர் அறுத்துவிட்டது. இரண்டு நாள் அப்படியே கிடந்தது கூடை. மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "அடிப்பாகம் நான் போடறேன். கனம் தாங்கறது அதுதானே, இறுக்கமா இருந்தாதான் நல்லது. மேல ஏர்றது நீ போடு. கைப்பிடியை என்கிட்ட கொடுத்துடு." அன்றிலிருந்து அப்படித்தான். அவர் போடுகிற அடிப்பாகத்தைத் தரையில் வைத்தால் பலகை மாதிரி உட்காரும். கைப்பிடி சுற்றும்போது ஒயருக்கும் ஒயருக்கும் நடுவில் நகம் நுழையாது. என் பக்கச்சுவர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், நிறைய காய் போட்டாலும் விரிந்து வாங்கிக்கொள்ளும். நான் தனியாகப் பின்னிய காலத்தில் என் கூடைக்கு இவ்வளவு நல்ல அடிப்பாகம் அமைந்ததே இல்லை.

முழத்துக்கும் ஒரு வழி பிறந்தது. அதற்குக் காரணம் சுவாமிமலை.

எங்கள் ஊரைச் சுற்றிக் கைவேலைக்குப் பஞ்சமில்லை. திருபுவனத்தில் பட்டு நெசவு, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை. தலைமுறை தலைமுறையாக அதையே உயிராகச் செய்கிறவர்கள். அவர்கள் வேலையோடு எங்கள் மதிய வேலையை ஒப்பிடவே கூடாது. ஆனால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். சுவாமிமலைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு ஸ்தபதி வீட்டுப் பட்டறையில் நின்று பார்த்தோம். மெழுகில் ஓர் அம்மன் உருவம் செய்துகொண்டிருந்தார்கள். முதலில் மெழுகில் முழு உருவம், அதன்மேல் காவிரி வண்டல் பூச்சு, காய்ந்ததும் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, உள்ளே கிடைக்கிற வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு அளவுகோல் என்ன தெரியுமா? ஒரு தென்னை ஓலை நறுக்கு. சிலை எவ்வளவு உயரமோ அந்த நீளத்துக்கு ஓலையை வெட்டிக்கொள்கிறார்கள். அதை மடித்து, மறுபடி மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சிலைக்கு அந்த ஓலைதான் அளவு. அடுத்த சிலைக்கு வேறு ஓலை.

பேருந்தில் வரும்போது அவர் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் பழைய கூடை ஒன்றைப் பிரித்து நீளம் பார்த்தார். நான் நல்ல கூடை என்று அடிக்கடி சொல்கிற கூடை அது, பிரிக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் ஆற்றாமைதான். பிரித்த ஒயரை ரேழிச் சுவரோரம் இழுத்துப் பிடித்து, பழைய மரத்தூணில் ஓர் ஆணி, எதிர்த் தூணில் ஓர் ஆணி அடித்தார். ஓர் ஆணியில் ஒயர் முனையை மாட்டி, அந்த ஆணிக்குப் போய் இந்த ஆணிக்கு வந்தால் ஒரு குறுக்கு ஒயர். நெடுக்கு ஒயருக்காகக் கொஞ்சம் தள்ளி மூன்றாவதாக ஓர் ஆணி. இப்போது யார் வெட்டினாலும் ஒரே அளவு. பிரித்த கூடையைத் திரும்பப் பின்னியும் கொடுத்துவிட்டார், அடிப்பாகம் அவர், மேலே நான்.

ஒயர் கூடை என்றதும் சிலர் சொல்வார்கள், "இதுவும் பிளாஸ்டிக்தானே?" என்று. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே ஆரம்பித்தது. அப்போதுதான் பரணிலிருந்த கூடைகளைப் பலரும் இறக்கினார்கள். என் அம்மா 1984-இல் பின்னிய கூடை ஒன்று என்னிடம் இருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது, ஒரு முடிச்சுகூட விடவில்லை. அந்த ஒரு கூடை எத்தனை பையை மிச்சப்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைகிறது. வெட்டி மீந்த துண்டு ஒயரையும் நாங்கள் குப்பையில் போடுவதில்லை. பூச்சட்டி தொங்கவிடும் உறி, சாவிக்கொத்து, பேனா வைக்கிற குட்டிக் கூடை என்று ஏதோ ஒன்று ஆகிவிடும்.

ஆனாலும் பிளாஸ்டிக் இல்லாத ஒரு வேலையும் எங்கள் வீட்டில் உண்டு. வருஷத்தில் வெயில் காலத்தில் மட்டும். காகிதக் கூழ்க் கூடை.

இது என் மாமியார் வழி வந்தது. அவர் செய்த கூடை ஒன்று பரணில் இருந்தது. வெளிப்பூச்சு உரிந்த இடத்தில் உள்ளே ஒட்டிய செய்தித்தாளின் எழுத்து தெரியும். ஓரத்தில் 1971 என்று ஆண்டு மட்டும் படிக்க முடிகிறது. அத்தை இருக்கும்போது அதை அரிசி அளக்கவும், முறுக்கு வைக்கவும் எடுப்பார். செய்முறையை அவரிடம் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. என் வீட்டுக்காரர்தான் சின்ன வயதில் பார்த்ததை ஞாபகப்படுத்திச் சொன்னார். மீதியைச் செய்து செய்து பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மூன்று நாள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாறிவிடும். மை கலந்த தண்ணீர் கறுப்பாக இறங்கும். வெந்தயத்தை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டுவிட வேண்டும். என் கணக்கு, ஒரு கிலோ தாளுக்கு 100 கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி மஞ்சள்தூள். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சி வராது என்பார் அத்தை.

இதைக் கிரைண்டரில் போட எனக்கு மனம் வராது. தோசை மாவு அரைக்கிற கிரைண்டர் அது. கொல்லையில் கிடக்கிற ஆட்டுக்கல்தான் இதற்கு. அவர் குழவியைச் சுற்றுவார், நான் தள்ளிவிடுவேன். குழவி ஒரு பக்கம் போகும்போது நான் இந்தப் பக்கம் கையைக் குழிக்குள் விட்டுக் கூழை வழித்துத் தள்ளுவேன். அடுத்த சுற்று வருவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். என் விரல் இருக்கிற இடத்தை அவர் பார்ப்பதில்லை, என் வளையல் சத்தத்தைத்தான் கேட்கிறார் என்று ஒருநாள் தெரிந்தது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்றிலேயே குழவியை நிறுத்திவிட்டார். "வளையல் எங்க? போட்டுக்கிட்டு வாம்மா, எனக்குக் கை தெரியல" என்றார். இத்தனை வருஷம் என் வளையல் சத்தம் அவர் காதில் விழுகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அரைத்த கூழ் வெண்ணெய் மாதிரி கையில் திரள வேண்டும். ஒரு பானையைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்த பழைய வேட்டித் துணியைப் போர்த்தி, கூழை விரல் கனத்துக்கு அப்பிக்கொண்டே வர வேண்டும். அடியில் கனமாகவும் வாயில் மெல்லிசாகவும் வந்தால் காயும்போது விரிசல் விழும். எங்கும் ஒரே கனம். மூன்று நாலு நாள் நல்ல வெயில். முக்கால் பங்கு காய்ந்ததும் பானையிலிருந்து கழற்றி உள்பக்கம் காய வைக்க வேண்டும். கழற்றும்போது துணி பிரிகிற அந்தச் சின்னச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே இன்னொன்று செய்யலாம். அப்புறம் உள்ளும் வெளியும் தாள் ஒட்டி வர்ணம் அடிப்பது அவர் வேலை. மூங்கில் முறத்துக்கும் இதே கூழைத்தான் பூசுவோம். சந்து அடைந்து, நொய்யும் மாவும் சிந்தாது.

ஒரு வருஷம் ஆசைப்பட்டு ஐப்பசியில் செய்தோம். தீபாவளிக்கு வருகிற பெண்ணுக்குக் கொடுத்து அனுப்பலாம் என்று நினைப்பு. வடகிழக்குப் பருவமழை எங்கள் டெல்டாவில் எப்படிப் பெய்யும் என்று தெரிந்தும் செய்தோம். ஒன்பது நாள் வெயில் முகமே தெரியவில்லை. விசிறிக் காற்றில் வைத்தோம், அடுப்பு மேடையில் வைத்தோம். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்துவிட்டது. மூன்று கூடையையும் கொல்லையில் வாழைக்கு அடியில் புதைத்தோம். அவர் அத்தையை நினைத்துக்கொண்டார். "அம்மா மாசி, பங்குனியிலதான் செய்வாங்க. ஏன்னு கேட்டதே இல்ல" என்றார்.

நவராத்திரி வந்தால் எங்கள் வேலை பொம்மைக்கு மாறிவிடும். அத்தை வைத்துவிட்டுப் போன மண் பொம்மைகளில் சிலது விரல் உடைந்தும், கிரீடம் நுனி போயும் இருக்கும். மீந்த காகிதக் கூழை உலர்த்தி டப்பாவில் வைத்திருப்போம். அதைக் கரைத்து உடைந்த இடத்தில் வைத்து ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்த்து, வர்ணம் கொடுப்பார். முகத்தில் மட்டும் கை வைக்க மாட்டார். பழைய முகத்தை மாற்றினால் அத்தையின் பொம்மை இல்லாமல் போய்விடும் என்பது அவர் எண்ணம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கொலுவில் முதலில் வைப்பது மரப்பாச்சி ஜோடியை. செம்மரத்தில் செய்தது, என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது. கல்யாணத்துக்கு ஜோடி மரப்பாச்சி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு வருஷமும் புதுத்துணி உடுத்துவோம். பெண் பொம்மைக்குப் புடவை நான் கட்டுவேன், ரவிக்கைத் துணியில் மீந்தது போதும். ஆண் பொம்மைக்குப் பஞ்சகச்சமும் தலைப்பாகையும் அவர். சென்ற வருஷம் அந்தத் தலைப்பாகையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் மடிப்பைத் தள்ளித் தள்ளிச் சரி செய்தார். விஜயதசமி ராத்திரி பொம்மையைப் படுக்க வைக்கும்போது அந்தத் தலைப்பாகையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

மின்சாரம் போன சாயங்காலங்களில் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. நாலு சேர்ந்தால் பசு. அவர் எண்ணி எண்ணி எடுப்பார், நான் கண்ணால் பார்த்தே எடுத்துவிடுவேன். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இருட்டில் புளியங்கொட்டை விழுகிற சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எதிர் வீட்டு அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் விற்பதில்லை. கூடை பின்னி விற்றுக் குடும்பம் நடத்துகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் கூடைக்கு விலை கேட்கும்போது தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். ஆயிரத்துக்கு மேல் முடிச்சு, ஐந்தாறு மதியம், விரலில் ஒயர் அறுத்த தழும்பு எல்லாம் அதில் இருக்கிறது. எங்களுக்கு அவருடைய ஓய்வூதியம் வருகிறது. அதனால் நாங்கள் கொடுத்துவிடுகிறோம். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்கு, பிள்ளை பெற்று வீடு திரும்புகிறவர்களுக்கு, தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு. எதிர் வீட்டு அக்காவுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறோம். அதை எடுத்துக்கொண்டு வந்துதான் விலை கேட்கிறார், இன்னொன்று வேண்டுமாம் நாத்தனாருக்கு.

கொடுத்த பிறகு அது எங்கே, எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசை எங்கள் இருவருக்கும் உண்டு. சக்கரபாணி கோயில் வாசலில் ஒரு பெண் எங்கள் கூடையில் பூ வைத்து விற்றுக்கொண்டிருந்தார். யாருக்கோ கொடுத்தது, அவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் தெருவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "அடி இன்னும் தட்டையா இருக்கு பாரு" என்றார் என்னிடம். நான் பக்கச்சுவரைப் பார்த்தேன். ஈரப்பூவின் கனத்தில் கொஞ்சம் விரிந்திருந்தது. பத்து ரூபாய்க்குக் கதம்பம் வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தம்மாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் பேத்தி போனில் பேசினாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். "தாத்தா, எனக்கு லஞ்ச் கூடை வேணும். பிங்க் கலர்ல. பாட்டி மட்டும் போடக் கூடாது, நீயும் போடணும்" என்று கண்டிஷன். சின்னக் கூடைக்கு ஆணி அளவு ஒத்துவராது. நேற்று மதியம் அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். பேத்தி போன தடவை வந்தபோது அவள் கையைப் பிடித்து, முழங்கையிலிருந்து நடுவிரல் வரைக்கும் ஒயரில் அளந்து ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தாராம். எனக்கே தெரியாது. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இத்துனூண்டு மஞ்சள் ஒயர்.

"இதுல ஒன்பது முழம் வச்சா சரியா வருமா?" என்று கேட்டார்.

எட்டரை போதும் என்றேன். கீழே, பேத்தியின் கை எட்டுகிற உயரத்தில், நாலாவது ஆணியை அடித்தார்.